சாமி மாடத்தில் கடல் மண்

போன வாரம் எங்கள் தென்காசி வீட்டில் ஒருவர் கடலடி மண்ணை நெற்றியில் பட்டையாகப் பூசிக்கொண்டார். அவர் என் தாய்மாமா. புளியங்குடிக்காரர், எலுமிச்சைத் தோட்டம் உண்டு, அபிப்பிராயங்களும் உண்டு.

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசிக்காரன் வீடு அவனுடையதா என்ன? உறவினர்களுடையது. மாமாவும் வந்திருந்தார்.

சென்னையில் ஸயன்ஸ் படிக்கும் என் தங்கை செண்பகமும் லீவில் வந்திருந்தாள். கப்பலிலிருந்து நீண்ட இரும்புக் குழாயை இறக்கி, கடலடி மண்ணை அடுக்கு குலையாமல் எடுக்கிறார்களாம். கடலில் மிதந்து செத்த பொடி ஜந்துக்களின் ஓடுகள் அதில் படிந்திருக்கின்றன. எந்த அடுக்கில் எந்த ஓடு என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அந்தக் காலத்தில் கடல் குளிர்ந்திருந்ததா, வெதுவெதுப்பாக இருந்ததா என்று சொல்லிவிடலாமாம்! அவளுடைய புரொபஸர் ஒரு பெண்ணை நம்பி அந்த மண்ணைக் கொடுத்தது இதுவே முதல் தடவை.

அடுக்குக்கு ஒரு பொட்டலமாக, மைக்ராஸ்கோப்போடு வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். மண்ணோ... காய்ந்தால் வெள்ளை வெளேர். சாரல் காலத்தில் எங்கள் வீட்டில் ஈரம் ஏறாத இடம் விளக்கு எரியும் சாமி மாடம் ஒன்றுதான். கோயில் விபூதிப் பொட்டலங்களுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள்.

அருவியில் குளித்துவிட்டு வந்த மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் பிரித்தார். நெற்றி, மார்பு, இரண்டு கை... தாராள மனசு. மிச்சம் ஒரு சிட்டிகை இல்லை.

செண்பகத்தின் முகம் வெளுத்துவிட்டது. ஓர் அடுக்கு போனால் நடுவில் ஒரு காலமே காணாமல் போய்விடும். புரொபஸர் மற்ற மண்ணையும் திருப்பிக் கேட்டுவிட்டால் அவள் ஆராய்ச்சி என்ன ஆவது? மண்தானே போயிற்று என்றார் மாமா. நானும் என் பங்குக்குப் புத்தி சொன்னேன் — பக்கத்துப் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் எடுத்து நிரப்பிவிடு, யாருக்குத் தெரியப் போகிறது?

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அது வேற காலத்துக் கடலுல்லா அண்ணே. நான் பொய் சொன்னா, கடலே பொய் சொன்னதா ஆயிரும்."

நடந்ததை அன்றே புரொபஸருக்கு எழுதிப் போட்டாள். பதில் வரும் வரை அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமாவும் அருவிப் பக்கம் போகவில்லை.

நேற்று புரொபஸரிடமிருந்து பார்சல் வந்தது. குழாய் மண்ணை நெடுக இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியைச் சென்னையிலேயே வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து அதே அடுக்கு மண். கூடவே — கேளுங்கள் — இன்னொரு குழாயின் மண்ணும்! கெட்டதைக் கெட்டது என்று சொல்கிறவளிடம் இதையும் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் அகப்பட்டவர்களிடமெல்லாம் வலியப் போய்ச் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்லியாயிற்று.

செண்பகம் மாமாவைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். பொரி உருண்டை போல ஓடுகள்! நெடுநேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

இன்று காலை மறுபடி அருவிக்குப் போய் வந்தார். மாடத்தின் முன் நின்றவர், கையை நீட்டாமல் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"ஏட்டி செண்பகம், இது சாமியோடதா, ஒன்னோடதா?"

மாமா யாரையும் கேட்டு ஒரு காரியம் செய்து நான் பார்த்ததே இல்லை!