அக்கா சொன்ன ஆண்டு

தெப்ராவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதிக்கு மேல் என் மரக்குச்சிகள்தான் கிடக்கும். உயிரோடு நிற்கும் மரத்தைத் துளைத்து எடுத்த, பென்சில் கனமுள்ள குச்சிகள். சாண்ட்பேப்பரால் தேய்த்தால் வளையங்கள் கோடு கோடாகத் தெரியும். அக்கா அவற்றை ஒதுக்கச் சொன்னதே இல்லை. மிச்சமிருந்த ஓரத்தில் தட்டை வைத்து, மரத்தூள் விழாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போவாள்.

நான் புவியியல் பேராசிரியர். அக்கா சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இருவருமே மணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு, "சோறு இருக்கு", "கதவ சாத்திட்டியா" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு அதிகம் இருந்ததில்லை.

ஒரு காட்டில் எப்போது மரம் வெட்டினார்கள் என்பதை, வெட்டாமல் விட்ட மரங்களின் வளையங்களைக் கொண்டு கண்டுபிடிப்பது என் வேலை. பக்கத்து மரங்கள் சாய்ந்ததும் வெளிச்சம் கிடைத்து, தப்பிய மரம் வேகமாகப் பருக்கும். அந்த ஆண்டுகளின் வளையங்கள் அகலமாக இருக்கும். ஆனால் வருடம் முழுக்க மழை பெய்யும் நம் நாட்டில், மரத்துக்கு ஆண்டுக்கொரு வளையம் விழும் என்பதையே சக பேராசிரியர்கள் நம்பவில்லை. நான் தேர்ந்தெடுத்தது ஆண்டுதோறும் இலை உதிர்க்கும் ஒரு மரவகை. அதற்கும் சாட்சி வேண்டுமே. சிகாமட் பக்கத்துக் காட்டில் எல்லாக் குச்சிகளிலும் ஒரே இடத்தில் வளையம் அகன்றிருந்தது. அந்தச் சரிவில் எப்போது வெட்டினார்கள் என்பதற்கு எந்தப் பதிவும் கிடைக்கவில்லை.

ஒரு மாலை, சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்காவிடம் அலுப்பில் இதைச் சொன்னேன். என் கணக்குப்படி வந்த ஆண்டையும் சொன்னேன்.

"ஆத்துக்கு அந்தாண்ட இருக்கிற காடா?" என்றாள்.

"ஆமா."

தட்டை மறைத்திருந்த கையை இழுத்துக்கொண்டாள். "அப்பா அங்கதான் பாலாக் வேலைக்கு, காட்டு மரம் வெட்டப் போனாரு. மரம் விழுந்துதான் செத்தாரு. நீ தொட்டில்ல கெடந்த."

காய்ச்சலில் இறந்தார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"தோட்டத்துல ரப்பர் பால் வெட்டுற சம்பளம் பத்தலன்னு அம்மாதான் அவர அனுப்பினாங்க. அதான் காய்ச்சல்னு சொல்லச் சொன்னாங்க. நீ சொன்ன வருஷந்தான், எனக்கு நல்லா தெரியும். அந்த வருஷம் ஆறாம் வகுப்பு பரீட்சை நான் எழுதல. அம்மா வேலைக்குப் போயிட்டா உன்னப் பாத்துக்க ஆள் வேணும்ல."

தட்டை எடுத்துப் போய்க் கழுவினாள். என் கணக்கு சரி. பல வருடம் காத்திருந்த உறுதி கிடைத்துவிட்டது. தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய் அவள் பக்கத்தில் நிற்கத் தோன்றியது, நிற்கவில்லை. அந்த வீட்டில் எங்களுக்கு அது பழக்கமில்லை.

அடுத்த வாரம் அவளே, "என்னையும் கூட்டிட்டுப் போ" என்றாள். காட்டில் எங்கே வெட்டினார்கள் என்று கேட்டாள். காட்டினேன். அந்தப் பக்கமாகக் கொஞ்ச தூரம் தனியாக நடந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி நெடுநேரம் நின்றாள். திரும்பி வந்து, "போலாம், மழ வரும் போல இருக்கு" என்றாள். சிகாமட்டில் ஒரு கடையில் இருவரும் தே ஓ, பாலில்லாத தேநீர், குடித்தோம்.

கட்டுரை வெளிவந்தபோது, அதில் தன்னைப் பற்றி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். 'உள்ளூர்வாசி ஒருவரின் வாய்மொழித் தகவல்' என்ற வரியைப் படித்துப் பொருள் சொன்னேன். அதன் மேல் விரலை வைத்து, "இது நானா?" என்றாள். பெயரைப் போடவா என்று முன்பே கேட்டபோது வேண்டாம் என்றவள் அவள்தான்.

போன ஆண்டு அக்கா இறந்துவிட்டாள். இப்போது மேசை முழுவதும் எனக்குத்தான். நேற்று அதே காட்டின் குச்சிகளை மறுபடி பார்த்தேன். அப்பா இறந்து சில ஆண்டுகள் கழித்து, எல்லா மரங்களிலும் வளையங்கள் சட்டென்று ஒடுங்கியிருக்கின்றன. மழை பொய்த்திருக்கலாம். கிணறு வற்றியதா, அம்மா எங்கே போய்த் தண்ணீர் எடுத்தாள், என்னை யார் இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்? குறிப்பேட்டின் ஓரத்தில் 'ஆண்டு உறுதியில்லை' என்று குறித்துவிட்டு விளக்கை அணைத்தேன்.