திரைக்குப் பின்னால் டப்ளின்

டப்ளினில் டான்ஸ் கிளப்புகளை இடித்து ஓட்டல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மிஞ்சிய பாதாள அறைகளில் வாசிக்கப்படும் டெக்னோவை, சாலை பஜாரில் எங்கள் இரும்புக்கடை மாடியில் உட்கார்ந்து நெட்டில் கேட்டுக் கேட்டே டிஜே ஆனவள் நான். விழிஞ்ஞத்தில் ஒரு பழைய ஐஸ் குடோனில் நடந்த பார்ட்டியில், அயர்லாந்தின் டப்ளினிலிருந்து வரவிருந்த ஒரு டிஜேவுக்கு முன்பாக வாசிக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நான் வாசித்தபோது பாதிப் பேர் வெளியே போய் நின்றுகொண்டார்கள். அதற்குள் அந்த டப்ளின் டிஜேவின் விமானம் ரத்தாகிவிட்டதாகச் செய்தி வந்தது. பார்ட்டி நடத்தியவன் கோவளத்திலிருந்து ஒரு வெள்ளைக்கார டூரிஸ்டைக் கூட்டிவந்து, ஓடாத டிஜே மிக்சர் ஒன்றின் முன்னால் நிறுத்தினான்.

"சேச்சி, நீங்க திரைக்குப் பின்னால இருந்து வாசிச்சா மதி, அது போதும். ஆளுங்க வெள்ளக்காரனப் பாக்கத்தானே டிக்கெட் எடுத்தது? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க, கேட்டோ."

வீம்புக்கென்றே, முதலில் வாசித்தவற்றையே வரிசைகூட மாற்றாமல் மறுபடி வாசித்தேன். குடோனே அதிர்ந்தது. ஜனங்கள் இசையைக் காதால்தான் கேட்கிறார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

முடிந்ததும் ஒரு பெண் வியர்க்க விறுவிறுக்க என்னிடம் ஓடிவந்தாள். "சேச்சி, இதாணு அசல் டப்ளின் மியூசிக்! நீங்க இவருகிட்ட படிக்கணும்" என்று சொல்லி, அந்த டூரிஸ்டோடு தன்னை ஒரு படம் எடுத்துத் தரச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன்.

அந்தப் படம்தான் இப்போது அடுத்த பார்ட்டிக்குப் போஸ்டர். அவர் காதில் மாட்டியிருக்கும் ஹெட்ஃபோனின் ஒயர் எதிலும் செருகாமல் தொங்குவது அதில் பளிச்சென்று தெரிகிறது. இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.