பட்டாணி டீச்சரின் பன்னிரண்டாம் வகுப்பு

என் அக்கா பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறாள். எடுக்கிறாள் என்பது பள்ளியில் சொல்லும் சொல். நேரில் பார்த்தால் மேய்க்கிறாள் என்றுதான் தோன்றும். சில வருடங்கள் நாடு நாடாகச் சுற்றிவிட்டு நான் அவள் வீட்டில் வந்து இறங்கிய அன்று, ஒரு வாய் காப்பி கிடைக்கும் என்று பார்த்தால், கையில் ஒரு குழிக்கரண்டியைத் திணித்தாள். எதிரே மாமா ஒரு டீஸ்பூனோடு உட்கார்ந்திருந்தார். நடுவில் இரண்டு கிண்ணங்கள், நிறையக் காய்ந்த பட்டாணி.

"உன் கிண்ணத்துலேருந்து அவர் கிண்ணத்துக்கு அள்ளிப் போடு. அவர் திருப்பிப் போடுவார். நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதே."

"எதுக்குக்கா?"

"வேதிச் சமநிலை," என்றார் மாமா, மாட்டிக்கொண்டவரின் குரலில். "கல்யாணம் ஆன நாள்லேருந்து அள்ளிக்கிட்டிருக்கேன். இந்த வீட்டுல பட்டாணியை இதுவரைக்கும் யாரும் சமைச்சதில்லை."

விஷயம் இவ்வளவுதான்: ஒரு பொருள் இன்னொன்றாக மாறும், அதுவும் இதுவாகத் திரும்பி மாறும். போகிற வேகமும் வருகிற வேகமும் ஒன்றாகிவிட்டால் சமநிலை. அப்போது அந்தப் பக்கத்து அளவை இந்தப் பக்கத்து அளவால் வகுத்தால் ஒரு எண் வரும். எதை உள்ளே தள்ளினாலும் மறுபடி அதே எண்ணுக்குத்தான் வந்து நிற்கும். அதற்கு மாறிலி என்று பெயர். புத்தகத்தில் இது அரைப் பக்கம். அக்காவின் வகுப்பில் அரைப் பருவம். பிள்ளைகள் வைத்த பெயர் பட்டாணி டீச்சர். அவளுக்கு அது தெரியாது என்று அவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் அவளுக்குத் தூக்கமில்லை. சத்தம் தாங்கவில்லை என்று கீழ்மாடி வகுப்புகளிலிருந்து புகார் போயிருந்தது. தலைமையாசிரியர் வந்து உட்கார்ந்து பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் பன்னிரண்டாம் வகுப்பை இன்னொரு வேதியியல் ஆசிரியரான ஒப்பிப்பு மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு அக்காவை ஆறாம் வகுப்புக்கு இறக்கிவிடுவார். ஒப்பிப்பு மாஸ்டரின் வகுப்பில் ஈ பறந்தாலும் கேட்கும். அந்த ஈக்கும் சூத்திரங்கள் மனப்பாடம்.

"ஒரு பீரியட் மட்டும் சாதாரண டீச்சர் மாதிரி நடிச்சிடேன்," என்றார் மாமா.

"பாடமே நடத்தாத டீச்சர் மாதிரியா?"

"அதேதாம்மா."

சரி என்றாள். தலைமையாசிரியர் வரும் நாளன்று, ஆசை வந்துவிடக் கூடாது என்று, பிள்ளைகளையே பட்டாணியாக்கி அங்குமிங்கும் நடக்கவிடும் விளையாட்டுக்கான கைமணியைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். முற்பகலில் போன் வந்தது.

"மணியை எடுத்துக்கிட்டு ஓடி வா."

"நடிக்கிறதாத்தானே பேச்சு?"

"நடிச்சேண்டி. கரும்பலகையைப் பாத்தே எழுதிக்கிட்டிருந்தேன். டீச்சருக்கு உடம்புக்கு என்னவோன்னு ஒருத்தன் தண்ணி கொண்டுவந்து குடுக்குறான். வா சீக்கிரம்."

நான் மணியோடு மாடி ஏறி வகுப்பு வாசலை அடைந்தபோது, தலைமையாசிரியரும் கோப்புகளைச் சுமந்துகொண்டு அவருடைய எழுத்தரும் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். மூன்று பேரும் ஒன்றாகவே உள்ளே நுழைந்தோம். பெஞ்சுகள் சுவரோரம் ஒதுங்கியிருந்தன. தரையின் நடுவே சாக்பீஸ் கோடு. வாசல் பக்கம் எட்டுப் பேர், ஜன்னல் பக்கம் பதினாறு பேர், எல்லோரும் நின்றுகொண்டு. அக்கா மட்டும் கரும்பலகை ஓரமாக, திருட்டுப் பூனை மாதிரி.

தலைமையாசிரியர் வாயைத் திறப்பதற்குள், வக்கீல் என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண் கத்தினாள்.

"டீச்சர்! வாசப் பக்கம் மூணு பேர் கூடிட்டாங்க!"

இருபத்து நான்கு தலைகளும் நோட்டுக்குள் கவிழ்ந்தன.

"மாறிலி ரெண்டு. இங்க பதினொண்ணு மைனஸ் எக்ஸ்."

"அங்க பதினாறு பிளஸ் எக்ஸ்."

"எக்ஸ் ரெண்டு! ரெண்டு பேர் கோட்டைத் தாண்டணும்."

எழுத்தர் உடனே தாண்டிவிட்டார். வாழ்க்கை முழுக்கச் சொன்ன பக்கம் போய்ப் பழகியவர்.

"நான் மேற்பார்வைக்கு வந்திருக்கேன்," என்றார் தலைமையாசிரியர்.

"பரவாயில்லை சார், நீங்க நில்லுங்க. வேற யாராவது போவாங்க," என்றாள் வக்கீல். "யார் போனாலும் கணக்கு ஒண்ணுதான்."

அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒரு அவமானம் நடந்திருக்காது. விடுவிடுவென்று கோட்டைத் தாண்டிப் போய் நின்று, தலைகளை எண்ணினார்.

"இங்க பதினெட்டு, அங்க ஒன்பது. ரெண்டு பக்கமும் சமமாவே இல்லையே! இதுவா சமநிலை?"

அக்காவின் முகத்தில் ஆறாம் வகுப்பு தெரிந்தது.

"வகுத்துப் பாருங்க சார்," என்றது வகுப்பு.

அவர் வகுத்தார். உதடு அசைந்தது. "ரெண்டு."

"அதான் சார்."

இனி ஆறாம் வகுப்புதான் என்றால் ஆடிவிட்டே போகலாம் என்று முடிவு செய்தாளோ என்னவோ, அக்கா என் கையிலிருந்து மணியைப் பிடுங்கி அடித்தாள். மூன்று பேர் அங்கே போக, மூன்று பேர் இங்கே வந்தார்கள். மறுபடி அடித்தாள். இந்த முறை வந்தவர்களில் தலைமையாசிரியரும் ஒருவர். பின்னாலிருந்து யாரோ தள்ளியிருக்க வேண்டும்.

"எப்ப நிக்கும் இது?"

"நிக்காது சார். நின்னா அது சமநிலை இல்லை, சாப்பாட்டு இடைவேளை," என்றாள் அக்கா.

அவர் போனார், வந்தார். "நான் போயும் எண்ணிக்கை மாறலையே," என்று எழுத்தரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "ஆமாங்கய்யா," என்றார் எழுத்தர், எதிர்த்திசையில் போய்க்கொண்டே.

மூச்சு வாங்கியதும் அவருக்குப் பதவி நினைவு வந்தது. எல்லோரையும் உட்காரச் சொன்னார். "இன்னும் ஆறு பேர் வாசல் பக்கம் வந்தா?"

பேனாக்கள் ஓடின. பெஞ்சுகளுக்கு அடியில் கால்களும் கொஞ்சம் ஓடின.

"நாலு பேர் தாண்டணும் சார்!" வகுப்பு முழுக்க ஒரே குரல். கீழ்மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

தலைமையாசிரியர் ஒரு நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு அக்காவை வராந்தாவுக்கு அழைத்தார். நானும் மணியைச் சாக்காக வைத்துக்கொண்டு கூடவே போனேன்.

"பதில் எல்லாம் சரி," என்றார், ஏதோ குற்றம் கண்டுபிடித்தவர் போல. "ஆனா பசங்களை முழுசாக் கெடுத்து வச்சிருக்கீங்க. இனி இவங்களை யாருகிட்ட குடுத்தாலும் நடந்து நடந்துதான் கணக்குப் போடுவாங்க. ஒப்பிப்பு மாஸ்டருக்கு முட்டி வேற சரியில்லை. நீங்களே வச்சுக்கங்க."

அக்கா அழுதுவிடுவாள் என்று கைக்குட்டையைத் தேடினேன்.

"அப்ப அந்த பெஞ்சுங்களுக்குச் சக்கரம் போட்டுத் தருவீங்களா சார்?" என்றாள். "தள்ளுறதுக்கே பாதி பீரியட் போயிடுது."

அவர் படி இறங்கினார். எழுத்தர் மட்டும் ஒரு நிமிடம் நின்று, பெஞ்சுக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டுக்கொண்டு போனார்.