மியூனிக் கட்டுப்பாட்டு அறையில் ஒரு ‘நோ கோ’

போன மார்ச் மாதம், ஒரு வியாழக்கிழமை, எங்கள் பத்தாம் வகுப்பு பிராங்பேர்ட்டிலிருந்து மியூனிக் போனது. விண்வெளிப் பயணங்களைத் தரையிலிருந்து நடத்தும் கட்டுப்பாட்டு அறையைப் பார்க்கத்தான் பயணம். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்த அறை இருக்கும் நிலையத்தின் மின்னணுப் பட்டறையில் கோடையில் இரண்டு வாரம் வேலை பழக விண்ணப்பித்திருந்தேன். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் இடம் கிடைக்காது. எங்கள் இயற்பியல் ஆசிரியர் ஹெர் வோல்ஃப் கடிதத்தை எழுதிவிட்டார். கையெழுத்து மட்டும் போடவில்லை. அவருடைய கணினி மவுஸுக்கு அடியில் தாள் ஒட்டியதும், ஆசிரியர் அறைக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னுக்குத் தள்ளியதும் யார் என்பது அவருக்குத் தெரியும்.

“இன்று ஒரேயொரு சேட்டை, கடிதம் குப்பைக்கு” என்றார் காலையிலேயே.

கட்டுப்பாட்டு அறை என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? கட்டுப்பாடு இல்லாவிட்டால் மிஞ்சுவது அறை மட்டும்தான்.

6.54 ரயில். ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். குழு டிக்கெட்டில் தலைக்கு 34 யூரோ. பக்கத்தில் கவின். வகுப்பில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

“என்ன மச்சான், இண்டைக்கு வாயைத் திறக்கிறாயில்லை?”

“திறந்தா கடிதம் போயிடும்.”

“அப்ப நாள் முழுக்க நிம்மதி” என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மியூனிக்கிலிருந்து S8 புறநகர் ரயிலில் மேற்கே 35 நிமிடம், பிறகு பஸ்ஸில் பத்து நிமிடம். வாசலில் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் விட்டார்கள். உண்மையான அறையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். கண்ணாடியில் தட்டக்கூடாது. (என் கைகள் இரண்டும் காற்சட்டைப் பைக்குள் இருந்தன.)

வழிகாட்டிய பெண் பழைய கதை சொன்னார். அமெரிக்காவின் முதல் மனிதப் பயணங்களை ஏவுதளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையிலிருந்து நடத்தினார்களாம். கலம் தலைக்கு மேலே வரும்போதுதான் பேசலாம் என்பதால், உலகம் சுற்றிலும் தரை நிலையங்களிலும் கப்பல்களிலும் ஆட்கள் காத்திருந்தார்களாம். நடுவில் பல நிமிடங்கள் ஒரு சத்தமும் வராது. அறுபதுகளின் நடுவில்தான் ஹூஸ்டனுக்குப் போனார்கள். 1985இல் விண்ணோடத்தை ஹூஸ்டன் ஓட்ட, அதற்குள் இருந்த ஆய்வுக்கூடத்தின் பரிசோதனைகளை இந்த மியூனிக் பக்கத்து அறை நடத்தியதாம்.

அந்த முதல் சின்ன அறையில் தொடங்கிய இரண்டு வழக்கங்கள் இன்றும் உண்டு. மேலே இருப்பவர்களோடு ஒரே ஒருவர்தான் பேசுவார்; அந்தக் காலத்தில் அவரும் ஒரு விண்வெளி வீரர். அடுத்த கட்டத்துக்கு முன் ஒவ்வொரு மேசையையும் கேட்பார்கள். ‘கோ’ என்றால் போகலாம். ஒரு மேசை ‘நோ கோ’ என்றாலும் நிறுத்தவேண்டும். காரணம் பிறகு. எங்கள் வீட்டில் வாங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ என்று எல்லாமே கோதான், நிறுத்த ஆளில்லை.

மதியம் பயிற்சி அறையில் நாங்களே ஒரு பயணம் நடத்தினோம். எங்கள் வகுப்பு லேனா தலைமை. கவின் அடுத்த அறையில், கதவு மூடிய கலத்துக்குள் தனியாக. அவனோடு பேசும் ஒரே குரல் நான். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் விழுந்தது. என் வேலையில்லை, சத்தியமாக.

பத்து நிமிடம் ஒழுங்காகப் போனது. பிறகு என் ஹெட்போனில் கவினின் ஜெர்மன் நின்று தமிழ் வந்தது.

“டேய், மூச்சு முட்டுதடா.”

“கதவைத் திறக்கச் சொல்லட்டே?”

“வேண்டாம், சிரிப்பாங்கள். ஒருத்தருக்கும் சொல்லாதை.”

அறையில் இருபத்துமூன்று பேர். நாங்கள் பேசிய தமிழ் புரிந்தது எனக்கு மட்டும். அதே நேரம் லேனா மேசை மேசையாகக் கேட்கத் தொடங்கினாள். மின்சாரம், கோ. காற்று, கோ. மருத்துவம், கோ. என் முறை வந்தபோது ஹெர் வோல்ஃப் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்குள் கவினின் மூச்சு, நாய் இளைப்பதுபோல.

“நோ கோ” என்றேன்.

யாரோ சிரித்தார்கள். “இன்றைக்குமா சேட்டை?” என்றாள் லேனா. ஆனால் வழிகாட்டிய பெண் அதற்குள் போய்க் கதவைத் திறந்துவிட்டார். கவின் வெளியே வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருந்தேன்” என்றான் ஜெர்மனில், என்னைப் பார்க்காமல்.

பதிவுத்தாளில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. உண்மையை எழுதினால் அவன் போச்சு. எழுதாவிட்டால் நான் போச்சு. என் பேனையை எடுத்தேன். “என் முடிவு” என்று மட்டும் எழுதினேன். ஹெர் வோல்ஃப் வாசித்தார். கடிதம் இருந்த பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

போக நினைப்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள். அடையாள அட்டை கட்டாயம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். மூடிய இடம் ஒத்துவராது என்றால் கலத்துக்குள் ஏறுமுன் சொல்லிவிடுங்கள், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். உங்களோடு பேசும் நாற்காலியில் உங்கள் குரல் பழகிய ஒருவரை உட்காரச் சொல்லிக் கேளுங்கள். அந்தக் காலத்தில் அங்கே இன்னொரு விண்வெளி வீரரையே உட்காரவைத்தது ஏன் என்று எனக்கு இப்போது தெரியும்.

திரும்பும் ரயில் 16.50. வழியில் ஆக்ஸ்பூர்க் நகரம் தாண்டியதும் கவின் என் பக்கம் திரும்பினான்.

“ஏன்டா நீ ஒண்டும் எழுதேல்லை?”

“நீதானே சொல்லாதை எண்டனீ.”

“நீ எப்பயடா சொல்லுக் கேட்டனீ?”

பதிலுக்குக் காத்திருக்காமல் எழும்பி, நாலு வரிசை முன்னால் இருந்த ஹெர் வோல்ஃபிடம் போனான். குனிந்து ஏதோ பேசினான். எனக்கு அவனுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒரு சுரங்கம் வந்தது, போனது. அவன் திரும்பி வந்தான்.

“சொல்லிப்போட்டன்.”

“என்ன சொன்னவர்?”

“பேனை கேட்டவர். உன்ரையைத் தா.”