தர்ஷினிக்காகப் பூக் கேட்ட ஆடி வெள்ளி

அருவி, மலைப்பாதை என்று பயணக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நான் இந்த முறை போனது காங்கேயத்தை ஒட்டியுள்ள என் அக்கா ஊருக்கு. ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அக்கா போன் செய்தாள். "நாளைக்குக் காத்தால கோயில்ல பூக் கேக்கறம். தாய்மாமன் நீ இல்லாம எப்படி? வந்துபோடு." பிளஸ் டூ படிக்கும் அவள் மகள் தர்ஷினி பள்ளிக்கூடம் போவதா, நின்றுவிடுவதா என்பதுதான் கேள்வி.

நடந்தது இதுதான். சிறப்பு வகுப்பு முடிந்து அவள் பஸ்சை விட்டு இறங்க ஏழேகால் ஆகும். அங்கிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் தனியாக நடக்க வேண்டும்; அவள் அப்பா, என் மச்சான், வேலை முடிந்து வர ஒன்பது மணி ஆகிவிடும். பைக்கில் ஒருவன் இரண்டு நாள் பின்னாலேயே வந்திருக்கிறான். மூன்றாம் நாள் மச்சான் அவளை அனுப்பவில்லை. பெண் பேர் கெட்டுவிடுமே என்று, கேட்டவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள்.

சிங்காநல்லூரில் நாலரை மணிக்குக் கரூர் பஸ் ஏறினேன். பல்லடம் வழியாகக் காங்கேயம், அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், இரண்டு மணி நேரம். அங்கிருந்து டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நமக்கு உண்டு. தர்ஷினி இறங்கும் அதே நிறுத்தத்தில், ஏறக்குறைய அதே நேரத்துக்கு இறங்கினேன்.

அந்தச் சாலையைப் பற்றிப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். தெருவிளக்கு கிடையாது. ஆடிக் காற்றில் இருபுறமும் சோளத்தட்டு சலசலக்கிறது. யாரோ கூடவே நடப்பதாகத் தோன்றுகிறது. பாதி வழியில் பின்னால் ஒரு பைக் வந்து வேகத்தைக் குறைத்தது. சாலையை விட்டிறங்கிச் சோளத்தட்டுக்குள் ஒதுங்கினேன்.

"ஏனுங்க, எங்க போகோணும்? ஏறிக்குங்க, உட்டுப்போடறேன்" என்றார் வண்டியில் வந்த பெரியவர்.

நல்ல மனுஷர்தான். ஆனால் நாற்பது வயது ஆம்பளைக்கே இப்படி என்றால் அந்தப் பெண் எப்படி நடந்திருப்பாள்? மச்சானைத் திட்டுவதற்கு வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்பது மணிக்கு வீடு வந்த அவர் முகத்தைப் பார்த்ததும், நான் சோளத்துக்குள் ஒதுங்கிய கதையைத்தான் சொன்னேன்.

பூக் கேட்பது தெரியாதவர்களுக்கு: வெள்ளைப் பூவையும் சிவப்பு அரளியையும் தனித்தனி இலைப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். கேள்வியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது.

"செவப்பு வந்துட்டா என்னுங் மாமா பண்றது?" என்று காலையில் கோயிலுக்குப் போகும்போது தர்ஷினி கேட்டாள்.

ஆடி வெள்ளி என்பதால் நல்ல கூட்டம். மச்சான் கைகூப்பி, கரகரத்த குரலில் கேட்டார்: "தாயே, புள்ளைய இருட்டுல ஒண்டியா அந்த ரோட்டுல அனுப்பலாமா?" பூசாரியின் பேத்தி பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் சிவப்பு அரளி.

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டாள். தர்ஷினி அழக்கூட இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பின்னால் நின்ற பக்கத்து வீட்டு சரசக்கா முன்னால் வந்தார். எண்ணெய் மில்லில் வேலை பார்ப்பவர். "காச்சல்னு சொன்னீங்க? இதுக்கா புள்ளைய ஊட்டுல வெச்சிருக்கறீங்க?" என்றார். பிறகு மச்சானைப் பார்த்து, "ஒண்டியா அனுப்பலாமான்னு கேட்டீங்க, ஆத்தா வேண்டாம்னுபோட்டா. எங்ககூட அனுப்பலாமான்னு கேக்கலீங்களே. எங்க மில் வேன் ஏழரைக்கு அந்த ஸ்டாப்பு வழியாத்தான் வருது. இத்தன பொம்பளைங்க இருக்கறம். வேன் வர்ற வரைக்கும் அங்க டீக்கடைல உக்காந்திருக்கட்டும், கடைக்கார அம்மணிகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார்.

பூசாரி புதுப் பொட்டலம் கட்டக் கை நீட்டினார். மச்சான் வேண்டாம் என்று தலையசைத்தார். "திங்கக்கெழமையிலிருந்து கூட்டிட்டு வந்துருங்கக்கா" என்றார்.

இந்தப் பக்கம் மாலையில் வருகிறவர்கள் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை படிப்பை நிறுத்தும் நிலையில் இருந்தால், காய்ச்சல் என்று சொல்லாதீர்கள். பக்கத்து வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். அந்தச் சாலை இன்னும் இருட்டாகத்தான் இருக்கிறது. எனக்குப் பயம் முழுதாகப் போய்விடவில்லை.

மதியம் மச்சான் பைக்கில் கொண்டுவந்து நிறுத்தத்தில் விட்டார். "சரசக்கா சொன்ன மாதிரியே மாத்தி ஒருக்கா பூக் கேட்டிருக்கலாமுங்களே மச்சான்?" என்றேன்.

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மறுக்காவும் செவப்பு வந்துருச்சுன்னா என்ன பண்றது மாப்ள?"