கத்தி திரும்பி வரக்கூடாது

என் அப்பா காத்தமுத்துவுக்குப் புதுச் சாமான் என்றாலே ஆகாது. தீபாவளிக்கு எடுத்த சட்டையைக்கூட நாலு தடவை துவைத்த பிறகுதான் மனம் வந்து போடுவார். கத்தி விஷயத்தில் இந்தக் குணம் முற்றிப் பைத்தியமாகவே ஆகிவிட்டிருந்தது.

1992இல் பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு மேன்டல் வாங்க இரத்தினபுரிக்குப் போனவர், மேன்டலை மறந்துவிட்டு ஒரு பேனாக்கத்தியோடு வந்து நின்றார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் பழைய பூட்டு, ஓடாத கைக்கடிகாரம் எல்லாம் விற்கும் மர்சூக் நானாவிடம் வாங்கியதாம். மாட்டுக்கொம்புப் பிடி. எத்தனையோ பேர் பிடித்துப் பிடித்து அதன் ஓரமெல்லாம் மழுங்கி, பாதி கரைந்த சவர்க்காரக் கட்டி மாதிரி வழுவழுவென்று இருந்தது. அலகு தீட்டித் தீட்டி அகலம் பாதியாகியிருந்தது. கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் ஒரு கோடுகூட மிச்சமில்லை.

"ஒடஞ்ச சாமானுக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா?" என்று அம்மா சத்தம் போட்டார். அம்மாவின் பெயர் வெள்ளையம்மா. பெயரில்தான் வெள்ளை, கோபம் வந்தால் முகம் சிவந்துவிடும்.

"ஒடையலடி, தேஞ்சிருக்கு. இவ்வளவு தேயுற வரைக்கும் ஒடையாம இருக்குன்னா அந்த இரும்பு எப்படி இருக்கும்னு நெனச்சிப் பாரு."

அன்றைக்கு நாங்கள் குப்பி விளக்கில்தான் சோறு தின்றோம். அப்பாவுக்கு அது உறைக்கவேயில்லை. கத்தியைக் காதருகே வைத்து மூடுவதும், 'டக்' என்ற சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுவதுமாக இருந்தார்.

தெரணியகலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா பால் வெட்டுகிறவர். அதற்குத் தோட்டத்தில் கொடுத்த கத்தி வேறு. வேலை முடிந்ததும் அதை மூலையில் போட்டுவிடுவார். பேனாக்கத்தி மட்டும் சட்டைப் பையை விட்டு இறங்காது. பாக்கு வெட்ட, மாங்காய் சீவ, சிரட்டையில் காய்ந்து ஒட்டிய பாலைச் சுரண்ட, கோதுமை மா மூட்டையின் நூலை அறுக்க, காலில் ஏறிய முள்ளை எடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. எங்கள் பக்கத்தில் மழைக்கா பஞ்சம்? அந்த நாட்களில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக் கல்லில் கத்தியைத் தீட்டி, மூட்டில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு, இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டிருப்பார். அம்மா மழையைத் திட்டுகிறாரா, கத்தியைத் திட்டுகிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

அது யுத்த காலம். பஸ்ஸை நிறுத்திச் சோதிக்கும்போது ஒரு தமிழ் ஆளின் பையில் கத்தி இருந்தால் என்ன நடக்கும் என்று நாங்கள் பயந்து செத்தோம். ஒரு தடவை அவிசாவளையில் பிடிபட்டும் விட்டார். "பரண பிஹியக் மாத்தயா," பழைய கத்தி ஐயா, என்று சொல்லி, அதைப் பொலிஸ்காரரின் கையிலேயே வைத்து மூடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதரும் டக் டக்கென்று மூடிப் பார்த்துவிட்டு, தன் தகப்பனிடமும் இப்படி ஒன்று இருந்தது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாராம். அம்மா இந்தக் கதையை நம்பவேயில்லை. நான் நம்பினேன். அப்பாவின் பழக்கமே அதுதான். யாராவது அந்தக் கத்தியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும், விரித்து அவர்கள் கையில் வைத்துவிடுவார்.

அதுதான் வினையாகப் போயிற்று. எங்கள் ஆட்களிடம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கிற வழக்கம் கிடையாது. தரையில் வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கையில் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பார்கள். வீட்டில் அம்மாவுக்கு அப்பா தரையில்தான் வைப்பார். பொலிஸ்காரரோடு நமக்கு என்ன உறவு, அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும். சம்பந்தியாக வரப்போகிறவரிடம் அப்படிச் செய்யலாமா?

1998இல் எனக்குப் பெல்மதுளைப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வந்தது. பெயர் யோகராஜ், டவுனில் ஒரு தையல் கடையில் வேலை. நான் அப்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வந்த அன்று அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "கல்யாணத்துக்குப் பொறகும் புள்ளைங்கள பாக்குற வேலைக்குப் போக ஒங்களுக்கு விருப்பமா, விஜயகலா?" அதுவரை என் விருப்பத்தை யாரும் கேட்டதில்லை. கட்டினால் இந்த ஆளைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது.

வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு நாள் குறித்து, அவருடைய அப்பா ஐயாவுவும் அம்மா ஜெயம்மாவும் உறவுக்காரர்களோடு வந்தார்கள். தட்டை எடுத்து வைத்தாயிற்று. நல்ல நேரத்துக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் ஐயாவு மாமா வாயில் போட ஒரு பாக்கைத் தேடினார். அப்பா உடனே பேனாக்கத்தியை எடுத்து வெட்டிக் கொடுத்தார். மாமா பாக்கைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்த்தார்.

"பழைய சாமான் போலிருக்கே?"

அவ்வளவுதான். அப்பாவின் முகம் விளக்குப் போட்டது போலாகிவிட்டது. "மூடிப் பாருங்க, சத்தத்தக் கேளுங்க," என்று விரித்த கத்தியை அப்படியே மாமாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"ஐயோ, கையிலயா குடுத்தீங்க!" என்று ஜெயம்மா மாமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "தட்டு மாத்துறதுக்கு முந்தியே கத்திய கையில குடுத்துட்டாரே! இது நல்லதுக்கா?"

அதன் பிறகு யார் பேசியும் எடுபடவில்லை. அபசகுனம், அபசகுனம் என்று அவர்கள் பக்கத்துப் பெண்கள் குசுகுசுத்தார்கள். நல்ல நேரம் கழிந்துவிட்டது. "பொறகு பாப்போம்," என்று எழுந்தவர்கள் எழுந்தவர்கள்தான். தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. அந்தக் கலவரத்தில் ஐயாவு மாமா கத்தியை மூடி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வேண்டுமென்று செய்யவில்லை, கைப் பழக்கதோஷம்.

மறுநாளே போய் வாங்கி வருவதாக அப்பா புறப்பட்டார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, ஒங்களுக்கு மூளை இருக்கா? சம்பந்தம் முறிஞ்சா தானே குடுத்தது வாங்குனத திருப்பிக் கேப்பாங்க? நீங்க போயி கத்திய கேட்டா, வேணாம்னு நம்மளே சொன்ன மாதிரி ஆயிரும்."

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

அம்மா சொன்னதில் இன்னொரு பாதியும் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர்கள் கத்தியைத் திருப்பி அனுப்பினால், என் கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது. ஆறு வருஷமாக அந்தக் கத்தி தொலைந்துபோகாதா என்று சபித்த அம்மா, இப்போது அது வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். சாயங்கால பஸ் ரோட்டில் நிற்கும்போதெல்லாம், இறங்குகிறவர்களில் பெல்மதுளை முகம் ஏதும் இருக்கிறதா என்று பிள்ளைக்காம்பரா ஜன்னலிலிருந்து பார்ப்பேன். இல்லையென்றால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கலாம்.

அப்பாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. பாக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வெறும் பையைத் தடவுவார். அம்மா நச்சரித்து, தெரணியகலைக் கடையில் சிவப்புப் பிளாஸ்டிக் பிடி போட்ட ஒரு புதுக் கத்தியை வாங்க வைத்தார். அது பாக்கை வெட்டுவதற்குப் பதிலாக உருட்டி விளையாடியது. அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும்.

ஐப்பசி மழையில் ஒருநாள், எல்லாரும் வீட்டில் இருந்த நேரமாகப் பார்த்து, ஐயாவு மாமா தனியாகக் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அம்மா பிளேன் டீ ஊற்றப் போனார். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றேன். மாமா உட்கார்ந்து, தலையைத் துவட்டி, டீயைக் குடித்து முடித்தார். பிறகு சட்டைப் பையில் கை விட்டுக் கத்தியை எடுத்தார். அப்பாவின் முன்னால் தரையில் வைத்தார்.

முடிந்தது என்று நினைத்தேன்.

அப்பா அதைத் தொடவில்லை. கையிரண்டையும் பின்னால் இழுத்துக்கொண்டார். "வேணாங்க," என்றார். குரல் கெஞ்சியது. "அது ஒங்க வீட்டுலயே இருக்கட்டும். நான் வேற வாங்கிட்டேன். புதுசு. நல்லா வெட்டுது." பையிலிருந்து அந்தச் சிவப்புக் கத்தியை எடுத்துக் காட்டினார். வாழ்நாளில் அப்பா ஒரு புதுச் சாமானைப் புகழ்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

ஐயாவு மாமா சிரித்தார். "திருப்பித் தர வந்தேன்னு யாரு சொன்னா? பாக்கு வெட்டுங்கன்னு தான் வச்சேன். இத இங்க விட்டுட்டுப் போனா ஜெயம்மா என்னைய வீட்டுக்குள்ள சேக்க மாட்டா."

அம்மா சமையலறையிலிருந்து தலையை நீட்டினார்.

"அனுப்பிருங்க, அனுப்பிருங்கன்னு மொதல்ல குதிச்சவ அவதான். அனுப்புறதுக்குன்னு எடுத்து அடுப்படியில வச்சா. ஒருநா பலாக்கொட்டை உரிக்க எடுத்தா, அதோட சரி. நகத்துக்கு நோகாம தோலு வருதாம். இப்ப வெங்காயத்துக்கும் அதான், கருவாட்டுக்கும் அதான். நான் கேட்டேன், 'ஏன்டி, ஒறவு அறுந்துரும்னு கத்துனியே, தெனமும் கத்திய எடுக்குறப்பல்லாம் அந்த வீட்டப் பத்தித்தானே பேசுற, எங்க அறுந்திச்சி? அவங்க கத்தி வேணும், பொண்ணு மட்டும் வேணாமா?' ரெண்டு நாள் மொகத்த தூக்கி வச்சிருந்தா. நேத்து அவளே சொன்னா, போயி தை மாசத்துல நாள் கேட்டுட்டு வாங்கன்னு. யோகராஜும் ரெண்டு மாசமா சரியா சாப்பிடல."

அப்பா மெதுவாகக் குனிந்து கத்தியை எடுத்தார். விரித்தார். மூட்டில் புது எண்ணெய் மினுங்கியது; யாரோ பக்குவமாகப் பார்த்திருக்கிறார்கள். காதருகே கொண்டுபோய் 'டக்' என்று மூடினார், திரும்பவும் விரித்தார். ஒரு பாக்கை எடுத்து இரண்டாக வெட்டினார். பாதியை மாமாவுக்குக் கொடுத்தார்.

கத்தியைக் கொடுக்கவில்லை. பிடி அந்தப் பக்கம் பார்க்கிற மாதிரித் தரையில் வைத்து, கையை நன்றாக எடுத்துக்கொண்டு, "எடுத்துக்கங்க, சம்பந்தி," என்றார்.

மாமா அதை எடுத்து, மூடி, தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.