ஒரு பங்கு கீழே

மாமா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த ஆட்டத்தை முதன்முதலாக விரித்த ஞாயிற்றுக்கிழமை, காற்றாடியை நிறுத்தச் சொல்லிக் கத்தியது நான்தான். ஆட்டத்துக்கான காகித நோட்டுகள் பறந்துபோய்க் கறிக்குழம்புக் கிண்ணத்தில் விழப் பார்த்தன. காற்றாடியை நிறுத்தினால் வேர்த்துக் கொட்டியது. கடைசியில் அப்பா எழுந்துபோய், ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து நாலைந்து வார்ப்பிரும்பு மூடிகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு கட்டின் மேலும் ஒன்றாக வைத்தார். எங்கள் பவுண்டரியில் வார்த்தவை அவை, பம்ப்செட்டுக்குப் போகிறவை. அப்புறம் ஆட்டம் நடந்த ஞாயிறுகளிலெல்லாம் எங்கள் பணத்தின் மேல் எங்கள் இரும்பு உட்கார்ந்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. துடியலூர்ப் பக்கம் அப்பாவும் மாமாவும் கூட்டாக அந்தப் பவுண்டரியை நடத்தினார்கள். மாமா அம்மாவின் அண்ணன். சத்தியமங்கலம் பக்கம் வாழைத் தோட்டம் வைத்திருந்த அப்பாவைத் தொழிலுக்குக் கூட்டிவந்தவர் அவர்தான். கம்பெனியில் மாமாவுக்குப் பங்கு கொஞ்சம் கூடுதல், அப்பாவுக்குக் கொஞ்சம் குறைவு. எம்.டி. நாற்காலி மாமாவுடையது. அப்பா அந்த நாற்காலிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. மாமாவும் மரியாதையில் குறை வைக்கிறவர் இல்லை. வீட்டு மாப்பிள்ளை என்று எந்த விசேஷத்திலும் அப்பாவுக்குத்தான் முதல் இலை போடச் சொல்வார். இருவரும் ஒருவரையொருவர் 'வாங்க, போங்க' என்று தாங்கித் தாங்கிப் பேசுவதைப் பார்த்தால் வெளியாட்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்கு அது சோறு தண்ணி மாதிரி.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவன் மாமா மகன். வெளிநாட்டில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தான். என்னைவிட மூத்தவன். நேரில் நானும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். எழுதும்போது அவ்வளவு மரியாதை வரவில்லை, விட்டுவிடுகிறேன். போவதற்கு முன்பே அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால், முறைப்பையன் என்று அவனோடு என்னைச் சேர்த்துவைத்து யாரும் கேலி பேசவில்லை. இன்றுவரை அதில் எனக்கு நிம்மதிதான்.

பலகையில் ஏதோ ஒரு குளிர் தேசத்தின் வரைபடம். வாயில் நுழையாத ஊர்ப்பெயர்கள். மாமா ஒவ்வொன்றாக விரல் வைத்து, "இது பொள்ளாச்சின்னு வெச்சுக்கலாம், இது மேட்டுப்பாளையம்" என்று பெயர் மாற்றினார். ஊர்களுக்கு நடுவே ரயில் பாதை போட வேண்டும். பாதை போடுவது கம்பெனிகள். நாம் அந்தக் கம்பெனிகளில் பங்கு வாங்குகிறவர்கள். ஒரு கம்பெனியில் யாரிடம் அதிகப் பங்கு இருக்கிறதோ அவர்தான் அதன் தலைவர். பாதை எங்கே போகும், எஞ்சின் எப்போது வாங்குவது, வருமானத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதா, கம்பெனியிலேயே வைப்பதா, எல்லாமே தலைவர் இஷ்டம்.

மாமா மகன் எதையும் மறைக்கவில்லை. இதை நான் அடிக்கடி நினைத்துப் பார்த்திருக்கிறேன். எல்லா விதியையும் முதல் நாளே, அம்மா கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போகிற அளவுக்குப் பொறுமையாகச் சொன்னான்.

"எஞ்சினுக்கு ஆயுசு உண்டுங்க மாமா" என்றான் அப்பாவிடம். "ஆராச்சும் புது மாதிரி எஞ்சின் ஒண்ணு வாங்கிப்போட்டா, பழைய மாதிரி எஞ்சின் அத்தனையும் அந்த நிமிஷமே காயலாங்கடைக்குப் போயிரும். ஆரு வெச்சிருந்தாலுஞ் சரி."

"அப்ப அந்தக் கம்பெனி?" என்று கேட்டேன்.

"வேற எஞ்சின் வாங்கோணும். கம்பெனியில காசில்லைன்னா தலைவரு சொந்தக் காசுல வாங்கிக் குடுக்கோணும். முடியாதுன்னு சொல்றதுக்கு வழியில்லீங்."

மாமா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தலைவரு தன்ற பங்கை வித்துப்போட்டா?"

"அடுத்தாப்ல ஆருகிட்ட அதிகம் இருக்குதோ, அவங்க தலைவருங்க."

"வேண்டாம்னா?"

"வேண்டாம்னு சொல்ல முடியாதுங்கப்பா. தானா வந்து சேந்துரும்."

மாமா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒரு விதியைச் சொன்னால் அதன் வால் எங்கே முடிகிறது என்று பார்க்காமல் விடமாட்டேன். கணக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்த திமிரும் சேர்ந்துகொண்டது. இந்த விதியின் வால் எங்கே போகிறது என்று அப்போதே பிடிபட்டது. நல்ல ஆட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா ஆடிய விதம் என்னைப் பைத்தியமாக்கியது. மாமா தலைவராக இருக்கிற கம்பெனியில்தான் அவரும் பங்கு வாங்குவார். ஆனால் மாமாவைத் தாண்டமாட்டார். மாமா ஒன்று வாங்கினால் இவர் ஒன்று வாங்குவார். இன்னும் ஒன்று வாங்கினால் நாற்காலி கைக்கு வரும் என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிடுவார். எப்போதும் ஒரு பங்கு கீழே.

"வாங்குங்கப்பா, இது வெளையாட்டுதானுங்க" என்று மேசைக்கடியில் அவர் காலை இடித்தேன்.

"வெளையாட்டுன்னாலும் மொறைன்னு ஒண்ணு இருக்குதில்ல கண்ணு. மச்சான் கம்பெனியில நான் மேல போறதா? நல்லாவா இருக்கும்?"

அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். நாலு பேர் ஆடுகிற ஆட்டத்தில், யாரும் கேட்காமல், தானாகப் போய் இரண்டாவது இடத்தில் உட்கார்ந்துகொண்டார். எந்த ஊர்க்காரனும் செய்யாத வேலை. மற்றவன் முதலிடத்துக்கு அடித்துக்கொள்வான், இல்லை ஒதுங்கிப்போவான். மரியாதைக்காக ஒரு படி கீழே, அதே நேரம் அன்புக்காகப் பக்கத்திலேயே நிற்பது எங்கள் ஆட்களுக்கு மட்டும்தான் வரும்.

அது எப்படி முடியும் என்பதைச் சில ஞாயிறுகள் கழித்துப் பார்த்தேன். மாமா தன் கம்பெனியின் வருமானத்தையெல்லாம் சுற்றுக்குச் சுற்று பிரித்துக் கொடுத்தார். அப்பாவுக்கும் பங்கு வந்ததால் அவருக்குச் சந்தோஷம். கம்பெனிக் கல்லாவில் ஒன்றும் மிஞ்சவில்லை. பாதை தேய்ந்த பாதை, எஞ்சின் பழைய எஞ்சின். பங்கு விற்கிற முறை வந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பங்குகளை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

"ஏனுங் மாப்ள, இனி நீங்களே பாத்துக்கங்க. எத்தன நாளைக்கு நானே உக்காந்திருக்கறது?"

அப்பாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அய்யோ, எனக்கெதுக்குங்க மச்சான்" என்று சொல்லிக்கொண்டே தலைவர் அட்டையை இரண்டு கையாலும் வாங்கினார். அடுத்து மாமா மகனின் முறை. அவன் புது மாதிரி எஞ்சின் ஒன்றை வாங்கினான். அப்பாவுக்குக் கிடைத்த கம்பெனியின் எஞ்சின் காயலாங்கடைக்குப் போனது. அப்பா தன்னிடம் இருந்த நோட்டுகளையெல்லாம் போட்டார். போதவில்லை. கையிலிருந்த மற்றப் பங்குகளை ஒவ்வொன்றாக விற்றுப்போட்டார். முடிந்தபோது அவருக்கு முன்னால் அந்த இரும்பு மூடி மட்டும் இருந்தது, அதன் கீழ் ஒன்றும் இல்லை.

"ரூலுங்க மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றான் மாமா மகன்.

"அட, நெனச்சா என்னத்துக்கு வெளையாடறது" என்றார் அப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அம்மா உள்ளேயிருந்து என்னவென்று கேட்டாள். நான் மட்டும் மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பங்குகளை மேசையில் வைத்தபோது அந்தக் கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. ஆட்டத்துக்குத் தயங்குவார்களா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஆட்டம் குறைந்துபோனது. மாமா மகனுக்கு வேலை வந்துவிட்டது. கிணத்துக்கடவில் அவன் பெயரில் புதிதாக ஒரு பவுண்டரி எழும்பிக்கொண்டிருந்தது. எங்களுடையது மாதிரிக் கரி போட்டு ஊதுகிற உலை இல்லை, கரண்டில் உருக்குகிற உலை. புகை கிடையாது. பம்ப் கம்பெனிக்காரர்கள் இனி அந்த மாதிரி உலையில் வார்த்ததைத்தான் கேட்பார்கள் என்று பேச்சு வந்தது. அப்பா அதைச் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அந்த ஆட்டப் பலகைதான் ஞாபகம் வந்தது. புது எஞ்சின் வந்தாயிற்று.

ஒருநாள் காலேஜிலிருந்து வரும் வழியில் பவுண்டரிக்குப் போனேன். உலைக்குப் பின்னால் மர அச்சுகள் அடுக்குகிற நீளமான அலமாரி உண்டு. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு மர அச்சு. அதை மண்ணில் பதித்து எடுத்தால்தான் இரும்பை ஊற்ற முடியும். அச்சு இருக்கிற இடத்துக்குத்தான் ஆர்டர் போகும். அந்த அலமாரியில் பாதி காலியாக இருந்தது. அச்சு நின்ற இடங்களில் மட்டும் தூசி இல்லை.

"ரிப்பேருக்குப் போயிருக்குது கண்ணு, கிணத்துக்கடவுல நல்ல ஆசாரி ஒருத்தரு இருக்கறாராமா" என்றார் அப்பா. அடுத்த முறை நான் போனபோது முக்கால் அலமாரி காலி.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை மாமாவும் அத்தையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு, அப்பாவுக்குப் பட்டுக்கரை வேட்டி. யாருக்கு என்ன விசேஷம் என்று அம்மா திகைத்தாள். மாமா சோபாவின் நுனியில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்.

"ஏனுங் மாப்ள, எனக்கும் வயசாகுது. கம்பெனிக்கு இனி நீங்கதான் எம்.டி.யா இருக்கோணும். என்ற பங்குல பாதிய எழுதிக் குடுத்துப்போடறேன். ஊட்டு மாப்பிள்ளைக்கு நான் வேற என்ன மரியாதை செஞ்சுபோட்டேன், சொல்லுங்க."

அதே குரல், அதே 'ஏனுங் மாப்ள'. அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. நான் கதவோரம் நின்று அப்பாவையே பார்த்தேன். வேண்டாமென்று சொல்லுங்கள், வேண்டாமென்று சொல்லுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். அப்பா சற்று நேரம் அந்த வேட்டியின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கினார்.

அவர்கள் போன பிறகு, வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அச்சு போனது, புது உலை வந்தது, பழைய உலையை மாற்றுகிற செலவு இனி யார் தலையில் விழும் என்பது, எல்லாவற்றையும். "அந்த ஆட்டத்துல பண்ணுனதேதானுங்கப்பா. உங்களுக்குப் புரியலீங்களா?"

அப்பா துணியைப் பிழிந்தார். "புரியாம என்ன கண்ணு. அந்த ஆட்டத்தன்னைக்கே பாத்துப்போட்டேன்."

பிழிந்த துணியை உதறி ஸ்கூட்டர் கைப்பிடியில் போட்டார்.

"வேண்டாம்னு நாஞ் சொன்னா அது அவரு மூஞ்சியில அடிச்ச மாதிரி. அப்பறம் போக்குவரத்து நின்னுரும். உங்கம்மாளுக்குப் பொறந்த ஊடுன்னு இருக்கறது அது ஒண்ணுதான். நாளைக்கு உனக்குக் கல்யாணம்னா, மாமன் சீர் வெக்க வேற ஆரு வருவா? மாமன் இல்லாத மணவறையில உன்ன உக்கார வெக்கச் சொல்றியா?"

"அதுக்காகங்களா?"

"அதுக்காகத்தான். அதுவுமில்லாம..." என்று நிறுத்தினார். "ஒருவேளை மனசாரக் குடுக்கறாரோ என்னமோ. நாம ஆரு கண்டோம்."

அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் என்று பிரிக்கத் தெரியவில்லை. என் கல்யாணத்துக்காக யாரும் எதையும் விற்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் சிரித்தபடி, காபி குடித்தாயா என்று கேட்டார்.

நடந்ததெல்லாம் விதிப்படிதான் நடந்தது. அலமாரி முழுக்கக் காலியானது. ஆர்டர்கள் கிணத்துக்கடவுக்குப் போயின. அப்பா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, உலையை மாற்றப் பார்த்தார், முடியவில்லை. சத்தியமங்கலம் வாழைத் தோட்டத்தை விற்று, பவுண்டரி ஆட்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்து, வெறுங்கையோடு அனுப்பாமல் அனுப்பினார். உலையைப் பிரித்து லாரியில் ஏற்றிய அன்று வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, மாமாவுக்குப் போன் செய்து ஒரு வரனோடு என் ஜாதகம் பொருந்தியிருப்பதைச் சொன்னார். எதிர்முனையில் மாமா மிகவும் சந்தோஷப்பட்டாராம்.

கல்யாணத்துக்கு மாமன் சீர் வந்தது போல எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னால் வந்ததில்லை என்றார்கள். மேளம் முன்னால் போக, மண்டப வாசல் வரைக்கும் தட்டுகள் வரிசையாக வந்தன. பழம், புடவை, நகை, வெள்ளிக் குத்துவிளக்கு. ஒன்றிலும் குறை இல்லை. அம்மா பிறந்த வீட்டைப் பார்த்துப் பூரித்து நின்றாள். நான் மாடி ஜன்னலில், மாலைக்காகக் காத்துக்கொண்டு பார்த்தேன். ஒரு தட்டையாவது தட்டிவிட வேண்டும் போல் கை துடித்தது. வளையல் குலுங்காமல் அதை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

வாசற்படியில் மாமா நின்று, "ஏனுங் மாப்ள, ஏதாச்சுங் கொறையிருந்தாச் சொல்லுங்க" என்றார்.

"ஒரு கொறையுமில்லீங்க மச்சான்" என்றார் அப்பா. மாமாவை முன்னால் ஏறச் சொல்லிவிட்டு, கை கூப்பியபடி, ஒரு படி கீழே நின்றுகொண்டிருந்தார்.